ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போகிறேன்; அங்கே எனக்கு ஒரு சபை கிடைக்குமா?

அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை சேரப் போவதாகவும், சி.எஸ்.ஐ. குடும்பம் என்றும், ஊரில் இருக்கிற மாதிரி ஒரு சபை அங்கே கிடைக்குமா, எப்படித் தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். நான் அங்கே படித்தபோது அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் அங்கே அந்நியராகப் போகவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானதுதான் நம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. அந்த நாலு வேரும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கின்றன. ஜான் வெஸ்லி அங்கே லிங்கன் கல்லூரியில் இருந்தவர். நியூ இன் ஹால் தெருவில் வெஸ்லி மெமோரியல் என்ற மெதடிஸ்ட் கோயில் உண்டு. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியில் வந்தவர்களுக்கு ஆல்ஃபிரட் தெருவில் செயின்ட் கொலம்பாஸ். ஆங்கிலிக்கன் கோயில்களுக்குக் குறைவே இல்லை. சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஓர் அங்கம் என்பதால், திடப்படுத்தல் பெற்ற நீங்கள் எந்த இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலிலும் தயங்காமல் திருவிருந்துக்குப் போகலாம். கடிதம் எதுவும் கேட்கமாட்டார்கள். முறைமையும் புதிதாக இருக்காது: பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், சமாதானம் சொல்வது என்று நமக்குப் பழகிய வரிசைதான். நாம் இரு கைகளையும் சேர்த்து சமாதானம் சொல்வோம், அவர்கள் கை குலுக்குவார்கள்.

ஆனால் ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு மாதிரி. கிட்டார், டிரம்ஸ், நூற்றுக்கணக்கில் மாணவர்கள் வேண்டுமென்றால் கிறைஸ்ட் சர்ச்சுக்கு எதிரே செயின்ட் ஆல்டேட்ஸ். வேதத்தை வசனம் வசனமாக எடுத்துப் பிரசங்கிப்பது பிடிக்குமென்றால் செயின்ட் எப்ஸ். தூபமும் பாடல் பூசையும் நிறைந்த பழைய முறைக்கு செயின்ட் மேரி மக்தலேன். ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் பல்கலைக்கழகக் கோயிலில் எல்லாத் தரப்பினரும் வருவார்கள். முதல் மாதம் இவற்றில் மூன்று நான்கைப் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் சுற்றாதீர்கள். நான் சுற்றினேன்.

அங்கே ஒரு பருவம் எட்டே வாரம். வாரத்தை ஞாயிற்றுக்கிழமையில் இருந்து எண்ணுவார்கள். முதல் வாரத்துக்கு முந்தியதற்குப் பெயரே பூஜ்ய வாரம். அந்தப் பூஜ்ய வாரத்தில் எல்லாக் கோயில்களும் புது மாணவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடும். நான் ஒரு பெரிய சபைக்குப் போனேன். பாட்டு அருமை, பிரசங்கம் அருமை, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் என் வயது. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் புன்னகையோடு "நீங்கள் புதிதா?" என்று கேட்டார். எட்டாவது வாரமும் அதே கேள்வி. அவர்கள் மேல் குறை இல்லை. அவ்வளவு கூட்டத்தில் யாரை ஞாபகம் வைப்பது? டிசம்பர் முதல் வாரம் முடிந்ததும் அந்தக் கூட்டம் ஊருக்குப் போய்விட்டது. டிக்கெட் விலை பார்த்து ஊருக்கு வராமல் தங்கிவிட்டவள் நான்.

கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தில் ரயில் ஓடாது. ஆக்ஸ்ஃபோர்டில் பஸ்ஸும் இல்லாத மாதிரிதான். எங்கள் ஊர் சாயர்புரத்தில் அன்றைக்கு விடியுமுன்னே கோயில் நிறைந்திருக்கும், புதுத்துணி, பட்டாசு என்று தெருவே விழித்திருக்கும். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. சரி, நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறதோ அங்கே போவோம் என்று இருபது நிமிடம் நடந்து ஒரு சின்னக் கோயிலுக்குப் போனேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் நரைத்த தலை. பிள்ளைகள் காலையில் கிடைத்த பொம்மைகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். ஆர்கனில் எடுத்த முதல் பாட்டே எங்கள் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் இருந்து பாடும் ராகம். அவர்கள் வார்த்தைகள் கையில் இருந்த தாளில் இருந்தன, ஆனால் என் வாயில் தமிழ்தான் வந்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

முடிந்ததும் பக்கத்தில் இருந்த வயதான அம்மா, அது என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அன்று அவர் வீட்டில் சாப்பிட்டேன். இரண்டு ஞாயிறு கழித்துக் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஃபோன் அடித்தது. "இன்று உன்னைக் காணவில்லையே?" அந்த ஊருக்கு வந்த பிறகு நான் வராததை ஒருவர் கவனித்தது அதுவே முதல் தடவை.

எனவே நான் சொல்வது இதுதான்: விடுமுறையிலும் ஆள் இருக்கிற கோயிலாகப் பாருங்கள். அறையில் இருந்து நடந்து போகிற தூரத்தில், குழந்தைகளும் பாட்டிகளும் வருகிற இடமாக. இங்கிலாந்துத் திருச்சபையின் 'எ சர்ச் நியர் யூ' தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் உள்ளவை வந்துவிடும். நகர மையத்தோடு நிற்காமல் கௌலி, ஹெடிங்டன், ஜெரிக்கோ பக்கமும் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் காபிக்கு நில்லுங்கள். மூன்றாவது வாரம் கோப்பை கழுவ முறை போட்டிருக்கும் பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அந்தச் சபையில் முக்கால்வாசிப் பேரைத் தெரிந்தது அந்தக் கழுவுதொட்டிப் பக்கத்தில்தான். ஒருவர் கழுவ ஒருவர் துடைக்கும்போது பேச்சு தானாக வரும். ஆங்கிலம் தடுமாறினாலும் கையில் வேலை இருப்பதால் கூச்சம் தெரியாது. நம் ஊர்க் கோயில் அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கிறபோது நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. ஞாயிறு பள்ளியில் உதவ விரும்பினால் போலீஸ் பதிவுச் சரிபார்ப்பு ஒன்று செய்வார்கள். பிள்ளைகளோடு பழகும் எல்லாருக்கும் உள்ளது அது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாலை ஆராதனையைத் தவறவிடாதீர்கள். பருவ நாட்களில் மாக்டலன், நியூ காலேஜ் சிற்றாலயங்களிலும் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்திலும் பாடகர் குழு பாட, பெரும்பாலான நாட்களில் நடக்கும். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆய்வகத்தில் எல்லாம் தப்பாகப் போன நாட்களில் என்னைத் தாங்கியது அந்த முக்கால் மணி நேரம். ஆனால் அங்கே யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். அது ஜெபத்துக்கான இடம், சபைக்குப் பதிலாகாது.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. தனியாக இருக்கும் வெளிநாட்டு மாணவர்களைத் தேடி வந்து பேசும் சில குழுக்கள் எல்லாப் பல்கலைக்கழக ஊர்களிலும் உண்டு. எந்தச் சபை என்று கேட்டால் நேராகச் சொல்லமாட்டார்கள், வாரம் மூன்று நாள் தனி வேதபாடம் என்பார்கள், உன் பழைய ஞானஸ்நானம் செல்லாது என்பார்கள், வீட்டாரிடம் சொல்லாதே என்பார்கள். அந்தக் கடைசி வார்த்தை வந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கல்லூரியின் சாப்ளினிடம், அதாவது கல்லூரிச் சிற்றாலயப் போதகரிடம், போய்ச் சொல்லுங்கள். எந்த நம்பிக்கையில் இருப்பவரும் அவரைப் போய்ப் பார்க்கலாம்.

தமிழ் ஆராதனைக்கு ஏங்குவீர்கள். லண்டனில் தமிழ்ச் சபைகள் பல இருக்கின்றன. பெரிய வெள்ளிக்கு இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தமிழில் கேட்க நான் பஸ் ஏறிப் போனேன். வாரா வாரம் போனால் ஞாயிறு முழுவதும் பயணத்தில் போய்விடும், ஆக்ஸ்ஃபோர்டிலும் வேர் பிடிக்காது.

ஜெரிக்கோவில் வால்டன் தெருவை ஒட்டி செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜி.யு.போப் அங்கேதான் அடக்கம். எங்கள் சாயர்புரத்தில் ஊழியம் செய்தவர். கடைசிக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். கல்லறைக் கல்லை வைத்தவர்களில் அவருடைய தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் உண்டென்று அதிலேயே பொறித்திருக்கிறது. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது கிறிஸ்துமஸ் அன்று சாப்பாடு போட்ட அந்த அம்மாதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார்.

எந்தக் கல்லூரி, எந்தத் தெருவில் அறை என்று முடிவானதும் கீழே எழுதுங்கள். நடக்கிற தூரத்தில் எந்தெந்தக் கோயில்கள், எத்தனை மணிக்கு ஆராதனை என்று பார்த்துச் சொல்கிறேன்.