மாடியில் கிடக்கும் பதினோரு சிஸ்டம்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா 2009இல் ஆரம்பித்த பிரவுசிங் சென்டரைப் போன வருடம் மூடிவிட்டோம். எல்லாரும் எல்லாவற்றையும் ஃபோனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், கடைசி இரண்டு வருடம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும்தான் கடையை ஓட்டின. இப்போது 11 சிஸ்டம் வீட்டு மாடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. ஏழு கோர் 2 டுவோ, மூன்று இரண்டாம் தலைமுறை ஐ3, ஒன்று மட்டும் ஐ5 3470. ஒரு ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டும் உண்டு, அது நான் கேம் ஆட அப்பாவை நச்சரித்து வாங்கியது. பழைய இரும்புக்கடைக்காரர் எல்லாவற்றையும் கிலோ கணக்கில் கேட்கிறார். அப்பாவுக்கு மனசு வரவில்லை.

இவற்றை வைத்து கிரிப்டோ மைனிங் செய்யலாம் என்கிறான் நண்பன். "மெஷின் கையில இருக்கு, முதலீடே இல்ல, வந்த வரைக்கும் லாபம்தானே" என்பது அவன் வாதம். மைனிங்குக்கென்றே செய்த பழைய ஆண்ட்மைனர் எஸ்9 மெஷின் ஒன்றும் மலிவாக வருகிறதாம். மாடியில் சோலார் வேறு போட்டிருக்கிறோம். செய்யலாமா?

க.,
ஈரோடு

அன்புள்ள க.,

வேண்டாம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் "முதலீடே இல்லை" என்கிற அந்த ஒரு வரியை அப்படியே விட எனக்கு மனசில்லை. இதே வரியை வேறு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானே எனக்குச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பிட்காயின். பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாகப் (ஒரு கட்டுக்குப் பெயர் பிளாக்) பதிவேட்டில் சேர்க்க உலகம் முழுக்கக் கணினிகள் ஒரு புதிர்க் கணக்கில் போட்டிபோடும், அதுதான் மைனிங். அதில் ஒவ்வொரு முயற்சியும் ஒரு ஹாஷ், ஜெயித்தவருக்குப் பரிசு புதிய பிட்காயின். 2009 ஜனவரியில் அது தொடங்கியபோது உங்கள் கோர் 2 டுவோ போதும், அன்றைக்கு எல்லாரும் சாதாரண ப்ராசஸரில்தான் மைன் செய்தார்கள். 2010இல் கிராஃபிக்ஸ் கார்டு வந்தது, 2013இல் இந்த ஒரே கணக்கைப் போடுவதற்கென்றே செய்த ஏசிக் சிப்புகள் வந்தன, அதோடு கணினியின் கதை முடிந்தது. முடிந்தது என்றால் எவ்வளவு முடிந்தது என்று பார்த்துவிடலாம். இப்போது சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு 3.125 பிட்காயின் (2024 ஏப்ரலில் பாதியான பிறகு), ஆக உலகம் முழுவதற்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 450. இந்த 450ஐத்தான் அவரவர் இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். 2025இல் மொத்த வலைப்பின்னலின் வேகம் வினாடிக்கு ஒரு ஸெட்டாஹாஷைத் தொட்டது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் 21 பூஜ்யம். உங்கள் கோர் 2 டுவோ முக்கி முனகி வினாடிக்கு 50 லட்சம் ஹாஷ் போடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பிட்காயினின் ஆகச் சிறிய காசு சடோஷி, பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு சடோஷி உங்களுக்குச் சேர, மெஷின் ராப்பகலாக ஓடினால், 12 வருடம் ஆகும். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று வைத்தால் அந்த ஒரு சடோஷியின் மதிப்பு 10 பைசா.

இன்னொன்று, இந்த 12 வருடம்கூட இன்றைய நிலவரத்துக்குத்தான். 2016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வலைப்பின்னல் அந்தப் புதிரின் கடினத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். எங்கோ டெக்சாஸில் ஒருவர் புதிதாகப் பத்தாயிரம் மெஷின் இறக்கினால் உங்கள் பங்கு இங்கே குறையும், நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, மெஷினும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனாலும் குறையும். கல்யாணப் பந்தி மாதிரி. சாதம் அதே அண்டாதான், இலைதான் கூடிக்கொண்டே போகிறது. எப்போதாவது இலை குறைவதும் உண்டு. 2021இல் சீனா மைனிங்கைத் தடைசெய்து அங்கிருந்தவர்கள் மூட்டை கட்டியபோது, ஜூலை மாதம் ஒரே மாற்றத்தில் கடினம் 28 சதவீதம் இறங்கியது. குப்பைக்குப் போக இருந்த பழைய மெஷின்களுக்கெல்லாம் அப்போது கொஞ்ச நாள் மறுவாழ்வு கிடைத்தது. அதை நம்பிக் கடை போட முடியாது.

அந்த எஸ்9 விஷயம். 2016இல் வந்த மெஷின் அது, அன்றைக்கு ராஜா. வினாடிக்கு 13.5 டெராஹாஷ் (ஒரு டெரா என்பது லட்சம் கோடி), அதற்கு 1,300 வாட்டுக்கு மேல் இழுக்கும். இன்றைய விகிதத்தில், பிட்காயின் கோடி ரூபாய் என்ற அதே கணக்கில், ஒரு நாள் வரவு 60 ரூபாய் சொச்சம். ஒரு நாள் செலவு? கிட்டத்தட்ட 32 யூனிட். இரண்டு மாத பில்லில் 1,900 யூனிட் தனியாக ஏறும், அந்த உயரத்தில் வீட்டு இணைப்புக்கே யூனிட் 11 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 60 ரூபாய் சம்பாதிக்க 340 ரூபாய்க்கு மேல் செலவு. மலிவாக வருகிறது என்கிறீர்கள், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் சத்தத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, மிக்ஸியை நிறுத்தாமல் ஓடவிட்டது மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இரண்டாம் நாளே பஞ்சாயத்து வரும்.

பழைய வன்பொருள் என்று வரும்போது எல்லாரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு ஹாஷுக்கு எவ்வளவு மின்சாரம் என்பது. எஸ்9க்கு ஒரு டெராஹாஷுக்கு 98 ஜூல், 2024இல் சந்தைக்கு வந்த எஸ்21க்கு அது 17.5. உங்கள் கோர் 2 டுவோவுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு கோடிக்கு மேல். ஒரு டாக்குமென்ட் அடிக்க, படம் பார்க்க, மெதுவாக இருந்தாலும் பழசும் புதுசும் ஒன்றுதான், வேலை முடிந்தால் சரி. மைனிங்கில் அப்படியில்லை, எந்த ஒரு அளவில் உங்கள் மெஷின் பழசோ அதே அளவை வைத்துத்தான் அங்கே பரிசே கொடுக்கிறார்கள்.

சரி, மொனேரோ என்று இன்னொரு கிரிப்டோ காசு இருக்கிறதே என்று உங்கள் நண்பர் அடுத்து சொல்வார், விஷயம் தெரிந்தவர் என்றால் கட்டாயம் சொல்வார். நியாயமான கேள்வி. 2019 நவம்பரில் அவர்கள் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறினார்கள், ஏசிக் சிப் வைத்திருப்பவர்களை வெளியே நிறுத்தி சாதாரண ப்ராசஸருக்கு இடம் கொடுப்பதுதான் நோக்கம். இதில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ப்ராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகளில் ஒன்று) 2 எம்பி கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், வேண்டும், ஏஇஎஸ் என்ற குறியாக்கக் கட்டளைகளும் வேண்டும், இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும். உங்கள் கோர் 2 டுவோவில் ஏஇஎஸ் கிடையாது. இரண்டாம் தலைமுறை ஐ3யிலும் கிடையாது, இது பலருக்குத் தெரியாது. ஆக 11இல் தேறுவது அந்த ஒரே ஒரு ஐ5, 6 எம்பி கேஷ், மூன்று த்ரெட் ஓட்டலாம்.

அதே ஐ5 3470 என்னிடமும் ஒன்று இருந்தது. 2021 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, முதலீடே இல்லையே என்று, ஆமாம் அதே வார்த்தைதான், எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் மென்பொருளைப் போட்டு ஓடவிட்டேன். இறக்கியவுடன் ஆன்டிவைரஸ் அலறியது. அந்த மென்பொருளில் தவறில்லை, திருட்டுத்தனமாக அடுத்தவர் கணினியில் மைன் செய்பவர்களும் அதையே பயன்படுத்துவதால் எல்லா ஆன்டிவைரஸும் அதைச் சந்தேகக் கேஸாகவே பார்க்கும். (யூடியூப் வீடியோவுக்குக் கீழே கிடக்கும் லிங்கில் இருந்து மட்டும் மைனிங் மென்பொருள் இறக்காதீர்கள், அதில் உண்மையிலேயே வேறு யாருக்கோ மைன் செய்யும் சரக்கு இருக்கும்.) சுவரில் சொருகும் ஒரு வாட் மீட்டரும் வாங்கி மாட்டினேன். சும்மா இருக்கையில் 45 வாட் காட்டிய மெஷின் மைனிங்கில் 98ஐத் தொட்டது, வேகம் வினாடிக்கு 1,600 ஹாஷ் சுற்றி நின்றது. 19 நாள் ஓட்டினேன். இருபதாம் நாள் காலையில் மெஷின் செத்துக் கிடந்தது, திறந்து பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இரண்டு கெபாசிட்டர் உப்பிப்போய் ஒன்றின் தலையில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரம் ஓடிப் பழகிய உள்ளூர் எஸ்எம்பிஎஸ், அதை 24 மணி நேரம் ஓட்டினால் வேறென்ன ஆகும். அதுவரை சேர்ந்தது 0.008 மொனேரோ. நான் சேர்ந்திருந்த பூலில் (பலர் சேர்ந்து மைன் செய்து பங்கு பிரித்துக்கொள்ளும் குழு) 0.1 சேர்ந்தால்தான் பட்டுவாடா. அந்தக் காசு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, கடலை வாங்கக்கூட எடுக்க முடியவில்லை.

அது அன்றைய நிலவரம், இன்று இன்னும் மோசம். 2022 ஜூனிலிருந்து மொனேரோவில் பிளாக்குக்கு 0.6தான், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 432. மொத்த வேகம் வினாடிக்கு 500 கோடி ஹாஷ், உங்கள் ஐ5க்கு 2,000, ஒரு மொனேரோ 25,000 ரூபாய் என்று ரவுண்டாக வைப்போம். பங்கு 25 லட்சத்தில் ஒன்று. ஒரு நாள் வரவு நான்கு ரூபாய் சொச்சம், இரண்டு மாதத்துக்கு 260 ரூபாய். செலவு 100 வாட் வீதம் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட்.

இந்த 144 யூனிட் எங்கே போய் உட்காரும் என்பதுதான் நம் ஊர் விஷயம். உங்கள் வீடு இப்போது இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது என்றால், அது 544 ஆகும். 500ஐத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பதோடு போவதில்லை, கீழே 101இல் இருந்து 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த குறைந்த விலையும் போய்விடும். கூட்டிப் பாருங்கள், 1,200 ரூபாய்க்குக் குறையாது. 260 வாங்க 1,200 கொடுக்கும் வியாபாரத்துக்குத்தான் முதலீடே இல்லை என்கிறார் உங்கள் நண்பர். சோலார் இருக்கிறதே என்பீர்கள். முதலில் அது ராத்திரி இல்லை. பகலில் வருவதும் இலவசம் இல்லை, நெட் மீட்டர் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே எரிக்காத ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் கழிகிறது, அதை மைனிங்குக்குக் கொடுத்தால் அந்தக் கழிவை இழக்கிறீர்கள். நெட் மீட்டரே இல்லாமல் பகலில் மிஞ்சுவது வீணாகத்தான் போகிறது என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம், அப்போதும் நாலு ரூபாயில் பாதி.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 750 டிஐயில் இருப்பது 2 ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டில் மைன் செய்துவந்த எத்தீரியம் என்ற கிரிப்டோ 2017லேயே 2 ஜிபி கார்டுகளைக் கழித்துக்கட்டிவிட்டது, 2022 செப்டம்பர் 15இல் மைனிங்கையே கைவிட்டது. அதில் பழைய கேம் நன்றாக ஓடும், ஆடுங்கள்.

பழைய மெஷின் எங்கேயுமே உதவாதா என்றால், உதவும் இடங்கள் உண்டு. பூட்டானில் அரசாங்கமே மிச்சமாகும் நீர்மின்சாரத்தில் பிட்காயின் மைன் செய்திருக்கிறது. அணைக்கட்டை ஒட்டி மின்சாரம் விலை போகாமல் கிடக்கும் இடத்தில், எண்ணெய்க் கிணற்றில் சும்மா எரித்துவிடும் வாயுவில், இங்கெல்லாம் எஸ்9 மாதிரியானவைகூட ஓடியிருக்கின்றன. குளிர்நாடுகளில் அந்த மெஷினின் சூட்டை வைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள், அங்கே சூடு வரவு. சித்திரை மாதம் ஈரோட்டில் மொட்டை மாடி அறையில் அது என்ன கணக்கில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோவை விற்றுவரும் லாபத்துக்கு 2022 ஏப்ரலில் இருந்து 30 சதவீத வரி, அதற்கு மேல் செஸ். மைனிங்குக்கு ஆன கட்டமைப்புச் செலவை அதில் கழிக்க முடியாது என்று அரசு அந்த மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. அதாவது 260 ரூபாய்க்கு 1,200 செலவழித்தாலும், அந்த 260க்கு நீங்கள் லாபக்காரர்தான். இத்தனைக்கும் பிறகு மொனேரோவை ரூபாயாக மாற்றுவது தனி வேலை, பைனான்ஸ் (Binance) என்ற பெரிய கிரிப்டோ சந்தையே 2024 பிப்ரவரியில் அதைப் பட்டியலில் இருந்து தூக்கிவிட்டது.

இப்போது அப்பா விஷயம். கடிதத்தில் மைனிங்கை விட எனக்கு அதுதான் உறுத்தியது. 15 வருடம் சோறு போட்ட மெஷினைக் கிலோ கணக்கில் போட மனசு வராதுதான். ஐ5இலும் மூன்று ஐ3களிலும் ஒரு சின்ன எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், ஒரு லினக்ஸ் போட்டால் இன்னும் நாலைந்து வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடும். டியூஷன் சென்டர் நடத்துபவர்கள், சின்ன நூலகங்கள், இவர்களைக் கேட்டுப் பாருங்கள், அப்பாவும் கிலோ கணக்கைவிட அதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். கோர் 2 டுவோ ஏழையும் கொடுத்துவிடலாம், இரும்புக்கடைக்குப் பதில் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள், தங்கத்துக்காகப் போர்டை ஆசிட்டில் போட்டுக் கழுவி அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுபவர்கள் கையில் போக வேண்டாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவர் 2009இல் லேப்டாப்பில் மைன் செய்த சுமார் 8,000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பைக்குப் போய்விட்டது, அந்தக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. உங்கள் டிஸ்குகளில் அப்படி எதுவும் இருக்காது, 2010இல் ஈரோட்டு பிரவுசிங் சென்டரில் யார் பிட்காயின் மைன் செய்திருக்கப் போகிறார்கள். ஆனால் ஆன்லைன் விண்ணப்பம் போட வந்தவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ எல்லாம் ஸ்கேன் ஆகி டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கும். டெலிட் பண்ணினால் போகாது, சும்மா ஃபார்மேட் அடித்தாலும் போகாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுக்கப் பூஜ்யம் எழுதி அழியுங்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், இரண்டு இரண்டாக மாட்டி ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். ஸ்டார்ட் ஆகாத டிஸ்க் இருந்தால் சுத்தியல்.