இங்கிலாந்துச் சுரங்கக் குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் எல்லோரும் ஏன் நிலக்கரி வெட்டவே போனார்கள்? பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருக்க முடியாதா?

சிலர் போனார்கள். பெரும்பாலோரைப் போகவிடாமல் கட்டிப்போட்டது வீடு. வேலை கொடுத்தவர்தான் குடியிருக்க வீடும் கொடுத்தார். வேலை போனால் வீடும் போகும். வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் என் கணவர் குடும்பத்தின் பழைய காகிதங்களைப் பார்க்கப் பார்க்க, எல்லாத் தலைமுறையிலும் இந்த வீட்டுப் பிரச்சினைதான் வந்து நின்றது.

நான் வாக்கப்பட்டு வந்தது வடகிழக்கு இங்கிலாந்தில், டர்ஹாம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சுரங்க ஊருக்கு. மாமனார் 15 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய அப்பா, தாத்தா, அதற்கு முந்தியவர்கள் எல்லோரும் அதே வேலைதான். கொரோனா முடக்கத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது அவரோடு உட்கார்ந்து வம்சாவளியை எழுத ஆரம்பித்தேன். இங்கே 1837லிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசாங்கம் பதிவு செய்கிறது. திருமணச் சான்றிதழில் மணமகன் தொழிலுக்கு ஒரு கட்டம், அவருடைய அப்பாவின் தொழிலுக்கு ஒரு கட்டம், மணமகளுடைய அப்பாவின் தொழிலுக்கு ஒரு கட்டம். எங்களுக்குக் கிடைத்ததிலேயே பழைய சான்றிதழ் 1840களைச் சேர்ந்தது. மூன்று கட்டத்திலும் 'பிட்மேன்' என்று எழுதியிருக்கிறது, அதாவது சுரங்கக்காரர். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் மணமகனும் மணமகளும் ஆளுக்கொரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் டர்ஹாமிலும் நார்தம்பர்லாந்திலும் 'பாண்ட்' என்று ஒரு ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அதைப் படித்துக் காட்டுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் அதிலும் பெருக்கல் குறிதான் போட்டார்கள். போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்கு அந்தச் சுரங்கத்தை விட்டு நகர முடியாது. மீறிப் போனால் சிறைக்கு அனுப்பலாம். அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்தவைதான் வாடகையில்லாத வீடும் அடுப்புக்கு நிலக்கரியும். பையன்கள் அதிகம் உள்ள குடும்பத்துக்கு வீடு சுலபமாகக் கிடைத்தது, ஏனென்றால் ஒரே கூரைக்குக் கீழ் மூன்று நான்கு வேலையாட்கள்.

1844 ஏப்ரலில் இந்த இரண்டு மாவட்டத்துத் தொழிலாளர்களும் மொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். உரிமையாளர்கள் கைவைத்தது வீட்டில்தான். குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். கட்டில், மேசை, கைக்குழந்தை எல்லாம் தெருவுக்கு வந்தன. வேலி ஓரத்தில் துணி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார்கள். சுரங்க உரிமையாளர்களில் ஒருவரான லண்டன்டெரி பிரபு அயர்லாந்தில் இருந்த தன் நிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கினார். சீஹாம் கடைக்காரர்களிடம், வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். கோடை முடிவதற்குள் தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பினார்கள். சீஹாம் எங்களுக்குப் பக்கத்து ஊர். இந்தக் கதையைச் சொல்லும்போது மாமனாரின் குரல் இப்போதும் கனத்துவிடும், ஏதோ போன வருடம் நடந்தது போல.

பாண்ட் 1872ல் ஒழிந்தது. அதற்கு முந்தைய வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் குடும்பத்தின் ஒரு பக்கம் இருக்கிறது. ஆறு பிள்ளைகள், பிறந்த ஊர் என்ற இடத்தில் ஐந்து வெவ்வேறு ஊர்கள். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமனார்தான் விளக்கினார். ஒப்பந்தம் முடிந்ததும் கொஞ்சம் நல்ல கூலி தருகிற இடத்துக்கு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். எங்கே போனாலும் அது இன்னொரு சுரங்கம், இன்னொரு சுரங்க வீடு. சுற்றிலும் வேறு வேலையும் இல்லை, வேறு வீடும் இல்லை.

பையன்களின் வேலைக்கென்று ஒரு படிக்கட்டு இருந்தது. முதல் படி 'டிராப்பர்'. காற்றோட்டக் கதவின் பக்கத்தில் உட்கார்ந்து, நிலக்கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறந்து மூட வேண்டும். ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 1838 ஜூலை 4ஆம் தேதி யார்க்ஷயரில் ஹஸ்கர் சுரங்கத்தில், பேய்மழையால் ஓடை பெருகி உள்ளே புகுந்து 26 குழந்தைகள் இறந்தார்கள். 11 பேர் பெண் குழந்தைகள். எல்லோரிலும் சின்னக் குழந்தைக்கு 7 வயது. அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழு வந்தது. 1842ல் பெண்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் பூமிக்கடியில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. டிராப்பருக்கு அடுத்த படி, குட்டைக் குதிரை ஓட்டுவது. அதற்கடுத்து 'புட்டர்', வண்டி தள்ளுகிறவர். இருபதை ஒட்டி 'ஹியூவர்', நிலக்கரியை வெட்டுகிறவர். அதுதான் உச்சம். உடம்பு தளர்ந்ததும் மேலே வந்து, நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலை. அங்கே கிழவர்களும் பையன்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அப்பா வெட்ட, மகன் தள்ள, தம்பி கதவு திறக்க என்று ஒரு குடும்பமே ஒரே நேரத்தில் கீழே இருந்தால் என்ன ஆகும் என்று ஹார்ட்லியில் தெரிந்தது. 1862 ஜனவரி 16. நார்தம்பர்லாந்தில் இருந்த அந்தச் சுரங்கத்துக்கு ஏறி இறங்க ஒரே ஒரு குழிவழிதான். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து அதற்குள் விழுந்து வழியை அடைத்தது. ஷிஃப்ட் மாறும் நேரம் என்பதால் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் கீழே இருந்தார்கள். 204 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து உள்ளே போனவர்கள், அப்பாவின் தோளில் சாய்ந்தபடி பையன்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள். சில வீடுகளில் ஆண் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. சுரங்கத்துக்கு இரண்டு வழி இருக்க வேண்டும் என்ற சட்டம் அதே வருடம் வந்தது.

ஆனால் இப்படிப் பெயர் சொல்லி நினைவில் வைக்கும் விபத்துகளைவிட, ஒருவர் இருவராக இறந்தவர்கள்தான் அதிகம். கூரைக்கல் சரிந்து, வண்டி ஏறி, கயிறு அறுந்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

1921 கணக்கெடுப்பு 2022ல் வெளியானது. அதில்தான் முதல்முறையாக யாரிடம், எங்கே வேலை என்றும் கேட்டிருந்தார்கள். ஏப்ரலில் நடக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு, வேலைநிறுத்த அச்சத்தால் ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. அன்றைக்குச் சுரங்கங்களில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்தது. மாமனாரின் தாத்தா பெயருக்கு நேராக 'ஹியூவர், வேலையில் இல்லை' என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. குடும்பத்தில் பெருக்கல் குறி போடாத முதல் தலைமுறை அது. மூன்று வருடம் கழித்து, 1924ல், கூரைக்கல் விழுந்து அவர் இறந்தார்.

நஷ்டஈடு கொஞ்சம் வந்தது. ஆனால் வீடு? சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. மூத்த பையனுக்கு அப்போது 14 வயது. அவர்தான் மாமனாரின் அப்பா. அப்போது ஒரு தச்சரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தார், சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போனார், வீடு நின்றது. அம்மாவும் நான்கு தம்பி தங்கைகளும் அதே வீட்டில் இருந்தார்கள். 'ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை' என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மூன்று வாரம்தான் நினைவுக்கு வரும்.

அவர் கையால் செய்த ஒரு சின்ன மர முக்காலி இப்போது என் சமையலறையில் இருக்கிறது. 'கிராக்கெட்' என்பார்கள். உயரம் குறைந்த இடத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ நிலக்கரி வெட்டுவதற்கானது. நூறு வருடம் ஆகப்போகிறது, ஒரு மூட்டுகூட ஆடவில்லை. நல்ல தச்சராக வந்திருப்பார்.

வயதானவர்களுக்கும் இதே கதிதான். உழைப்பு நின்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதைப் பொறுக்காமல் ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தவர், 1898ல் ஒரு சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சில்லறை சில்லறையாகப் போட்டு, ஓய்வுபெற்றவர்களுக்கு வீடு கட்டினார்கள். அரசாங்க முதியோர் ஓய்வூதியமே வராத காலம் அது. டர்ஹாமில் இன்றும் அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடங்கள் அவைதான்.

பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான். டர்ஹாமில் பெண்கள் சுரங்கத்துக்குள் போகவில்லை, ஆனால் வீட்டில் ஷிஃப்ட் முடிவதே இல்லை. கணவர் ஒரு ஷிஃப்ட், மூத்த பையன் இன்னொரு ஷிஃப்ட், சின்னவன் வேறொன்று. ஒருவர் வரும்போது தண்ணீர் சுட வேண்டும், அடுப்பு முன்னால் தகரத் தொட்டி வைக்க வேண்டும், கரித்துணியைத் தட்டிக் காயவைக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர் கிளம்ப வேண்டும். மாமனாரின் அம்மாவிடம் வாழ்க்கையில் நடந்த பெரிய நல்ல மாற்றம் எது என்று கேட்டால், சுரங்க வாசலில் குளியலறை கட்டியதுதான் என்பாராம். 1947 ஜனவரி 1ஆம் தேதி சுரங்கங்கள் தேசியமயமாகி, 'மக்கள் சார்பில்' நடத்தப்படுகிறது என்று வாசலில் பலகை வைத்தார்களே, அதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வாராம்.

தப்பித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பீட்டர் லீ 10 வயதில் சுரங்கத்துக்குப் போனவர். 1919ல் டர்ஹாம் மாவட்டக் கவுன்சிலின் தலைவரானார். பக்கத்தில் இருக்கும் பீட்டர்லீ நகரத்துக்கு அவர் பெயர்தான். 1966 கால்பந்து உலகக் கோப்பையை வென்ற பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்கள் ஆஷிங்டன் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள். ஜாக் கொஞ்ச நாள் சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டவே வேண்டாம் என்று வந்தவர். தொழிற்சங்கம், தேவாலயம், கால்பந்து, படிப்பு என்று வழிகள் இருந்தன. ஆனால் எத்தனை பேருக்கு?

மாமனார் 1965ல் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் வீட்டு நெருக்கடி முன்பு போல இல்லை. அப்பாவுக்கு அவரை அனுப்ப விருப்பமே இல்லை. தூசி நுரையீரலில் படிந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில் இருந்தார். 'அப்புறம் ஏன் போனீர்கள்?' என்று கேட்டேன்.

"கூடப் படித்த எல்லோரும் போனார்கள், பெட். அப்பாவும் இனி சம்பாதிக்க முடியாது. அப்புறம், உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசைதான்."

'பெட்' என்பது இந்த ஊரில் 'கண்ணு' மாதிரி. அந்த ஆசையையும் நான் மறைக்க விரும்பவில்லை. கூட வேலை செய்கிறவரை இங்கே 'மர்ரா' என்பார்கள். கீழே உன் உயிர் அவர் கையில், அவர் உயிர் உன் கையில். அப்படிப்பட்ட நட்பு மேலே எங்கும் கிடைக்கவில்லை என்று மாமனார் சொல்வார். ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை டர்ஹாம் நகரத்தில் நடக்கும் திருவிழாவுக்கு, ஊர் ஊராகப் பட்டுக்கொடியும் வாத்தியக் குழுவுமாக இப்போதும் வருகிறார்கள். சுரங்கம் ஒன்றுகூட இல்லை, கொடி இருக்கிறது. நான் பார்த்த முதல் வருடமே அழுதுவிட்டேன்.

மாமனாரின் அண்ணன் 1960களில் டர்ஹாம் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, பலரைப் போல நாட்டிங்காம்ஷயர் சுரங்கத்துக்கு மாறிப் போனார். 1984 மார்ச்சில், சுரங்கங்களை மூடுவதற்கு எதிராகப் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. டர்ஹாமில் வேலை நின்றது. நாட்டிங்காம்ஷயரில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போனார்கள், அண்ணனும் போனார். இங்கே ஒரு வருடம் சம்பளம் இல்லை. மாமியார் நலச்சங்கக் கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அப்போது 5 வயது. அடுப்புக்காகக் கடற்கரையில் அலை ஒதுக்கிய கரியை வாளியில் பொறுக்கியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, விளையாட்டு என்றே நினைத்தாராம். 1985 மார்ச்சில் கொடியைத் தூக்கிக்கொண்டு, தோற்று, வேலைக்குத் திரும்பினார்கள். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசியது அம்மாவின் சாவு வீட்டில்தான். அதுவும் இரண்டு வார்த்தை.

பக்கத்து ஈசிங்டன் சுரங்கம் 1993ல் மூடப்பட்டது. 1951ல் வெடிவிபத்தில் 81 தொழிலாளர்களும் காப்பாற்றப் போன 2 பேரும் இறந்த சுரங்கம் அது. எங்கள் ஊர்ச் சுரங்கமும் அந்தக் காலத்தில்தான் மூடியது. இங்கிலாந்தின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான யார்க்ஷயரின் கெல்லிங்லி 2015 டிசம்பரில் முடிந்தது. தன் அப்பா 14 வயதில் காப்பாற்றிய வீட்டை மாமனார் விலைக்கு வாங்கிக்கொண்டார். இன்றும் அதில்தான் இருக்கிறார்.

எங்கள் பதிவுத் திருமணம் 2008ல் நடந்தது. சான்றிதழில் அதே கட்டங்கள். பதிவாளர் கேட்டுக் கேட்டு நிரப்பினார். மணமகனின் அப்பா தொழில்: நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, ஓய்வு. மணமகன் தொழில்: எலக்ட்ரீஷியன். மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு பிரதி கிடைக்குமா என்று பதிவாளரிடம் கேட்டார். அந்தப் பிரதி அவர் வீட்டுக் கூடத்தில், அவருடைய அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.