ஊருக்கு ஒரு ப்ளூஸ் சங்கம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து ப்ளூஸ் இசைச் சங்கம் தொடங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். முதல் கேள்வி டெக்சஸிலிருந்து வந்ததால், மாநில விதிகளுக்கு அதையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம்.

கேள்வி: மாதம் ஒருமுறை ஒரு பாரில் கூடி ப்ளூஸ் வாசிக்கிறோம். பதினைந்து பேர் தவறாமல் வருகிறார்கள். இதை லாப நோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்ய என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும்?

டெக்சஸில் முதல் வேலை, மாநிலச் செயலர் அலுவலகத்தில் படிவம் 202 என்ற சங்கப் பதிவுப் படிவத்தைத் தாக்கல் செய்வது. கட்டணம் 25 டாலர். குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். தலைவரும் செயலாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பலரும் சறுக்குவது இந்தப் படிவத்தில்தான். அச்சிட்டபடியே நிரப்பி அனுப்பினால் மாநிலம் பதிவு செய்துவிடும். ஆனால் வரிவிலக்குக்கு ஐ.ஆர்.எஸ். (மத்திய அரசின் வரித்துறை) எதிர்பார்க்கும் வாசகங்கள் அதில் கிடையாது. கூடுதல் விதிகளுக்கான பகுதியில் மூன்று செய்திகளை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். சங்கத்தின் நோக்கம் கல்வி, அறம் போன்ற வரிவிலக்குக்குரிய பணிகள் மட்டுமே. வருமானத்தில் எந்தப் பங்கும் தனி ஆளுக்குப் போகாது. சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இன்னொரு வரிவிலக்கு அமைப்புக்கோ அரசுக்கோ போகும். இவை விட்டுப்போனால் பின்னால் திருத்தப் படிவம், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

அடுத்தது ஐ.ஆர்.எஸ். தரும் நிறுவன அடையாள எண். மாநிலப் பதிவு முடிந்த பிறகே இதற்கு விண்ணப்பியுங்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள்தான். அதன்பின் முதல் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பைலாவை (சங்கத்தின் உள்விதிகளை) நிறைவேற்றி, நடவடிக்கைக் குறிப்பில் பதிந்து, அந்தக் குறிப்போடு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்ற விதியை அன்றைக்கே போட்டுவிடுங்கள். பொருளாளர் நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.

கடைசியாக 501(சி)(3) தகுதி, அதாவது ஐ.ஆர்.எஸ். தரும் வரிவிலக்கு. அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் வரவு 50,000 டாலரைத் தாண்டாது, சொத்து 2,50,000 டாலருக்குள் இருக்கும் என்றால் 1023-இஇசட் என்ற சுருக்கப் படிவம் போதும். கட்டணம் 275 டாலர். இணையத்தில் மட்டுமே தாக்கல் செய்ய முடியும். அதற்கு மேல் போகும் என்றால் முழுப் படிவம் 1023, 600 டாலர். சங்கம் பதிவான மாதத்தின் முடிவிலிருந்து 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் பதிவு நாளிலிருந்தே விலக்கு செல்லும். டெக்சஸ் விற்பனை வரிக்கும், நிறுவனங்கள் மீதான ஃப்ராஞ்சைஸ் வரிக்கும் விலக்கு தானாக வராது. மாநில வரிகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீல் இல்லாமல் இவ்வளவையும் செய்தால் கட்டணச் செலவு 300 டாலர்தான். ஆனாலும் எங்கள் பரிந்துரை வேறு. முதல் ஆண்டு, ஊரில் ஏற்கெனவே 501(சி)(3) தகுதி பெற்ற ஒரு கலை அமைப்பின் கீழ் ஒரு திட்டமாக இயங்குங்கள். நன்கொடையை அவர்கள் வாங்கி, 5 முதல் 10 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் திட்டத்துக்குச் செலவிடுவார்கள். ஒரு வருடம் கழித்தும் கூட்டத்துக்கு ஆள் வருகிறதா என்று தெரிந்த பிறகு தனிப் பதிவு செய்வதே நல்லது.

கேள்வி: நிர்வாகக் குழுவில் எல்லோருமே வாத்தியக்காரர்கள். எங்கள் பேண்டுகளுக்கு மேடை பிடிப்பதும் சங்கத்தின் நோக்கம்தான். அதில் தவறு உண்டா?

உண்டு. உறுப்பினர்களின் பிழைப்புக்கு வழி செய்வது 501(சி)(3) நோக்கம் ஆகாது. ஊர் மக்களுக்கு ப்ளூஸ் வரலாற்றையும் இசையையும் கற்பிப்பது ஆகும். இந்த வேறுபாட்டை விண்ணப்பத்தில் மட்டும் காட்டினால் போதாது; நடப்பிலும் தெரிய வேண்டும். குழுவில் பாதிக்கு மேல் வாசிக்காத ரசிகர்கள் இருக்கட்டும்: ஒரு கணக்கர், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு கடைக்காரர். குழு உறுப்பினரின் பேண்டுக்குச் சம்பளம் தரும் பேச்சு வந்தால் அப்போது அவர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், மற்றவர்கள் வாக்களிக்க வேண்டும், அது குறிப்பில் ஏற வேண்டும். ப்ளூஸ் சங்கங்கள் உடையும்போது காரணம் பணப் பற்றாக்குறையைவிட "அவன் பேண்டுக்கே எப்போதும் மேடை" என்ற மனத்தாங்கலாகவே இருக்கும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நிர்வாகக் குழுவில் சேரலாமா?

இயக்குநராக இருக்கக் குடியுரிமை தேவையில்லை. சம்பளம் வாங்காமல், பொதுவாகத் தன்னார்வலர்கள் செய்யும் வேலையைச் செய்யலாம். மேடையில் வாசித்துப் பணம் வாங்குவது மட்டும் கூடாது. டிப்ஸ் ஜாடியில் பங்கும் வேண்டாம். எச்-1பி அனுமதி உங்கள் நிறுவன வேலைக்கு மட்டுமே. கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சென்னை சபாக்களைப் போல ஆயுள் சந்தா வசூலித்து நிதி திரட்டலாமா? வேறு எப்படிப் பணம் வரும்?

ஆயுள் சந்தாவை எச்சரிக்கையோடுதான் பரிந்துரைப்போம். இன்று வாங்கும் 500 டாலரை இந்த ஆண்டே செலவழித்துவிட்டால், அந்த உறுப்பினர் இருபது ஆண்டுகளுக்குச் சலுகையை எதிர்பார்ப்பார், கையிலோ காசு இருக்காது. வாங்கினால் தனிக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கு ஒரு சிறு பங்கை மட்டும் எடுங்கள். தொடங்கும் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தாவே முதுகெலும்பு. தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 40 என்று வைத்தால் பெரும்பாலோருக்குக் கனக்காது. 80 பேர் சேர்ந்தால் 2,000 டாலர். காப்பீட்டுக்கும் அஞ்சல் செலவுக்கும் அது ஆகும்.

அடுத்த வரவு உள்ளூர்க் கடைகள். நோட்டீஸில் கடையின் பெயர், சின்னம், முகவரி, இணையதளம் போடலாம். "ஊரிலேயே சிறந்த கிடார் கடை", "20 சதவீதத் தள்ளுபடி", "இன்றே வாருங்கள்" என்று போட்டால் அது ஆதரவு என்ற நிலையிலிருந்து விளம்பரமாகிவிடும். விளம்பரம் போன்ற, சங்கத்தின் நோக்கத்தோடு தொடர்பில்லாத வணிக வரவு ஆண்டுக்கு 1,000 டாலரைத் தொட்டால் அதற்கான வரிப் படிவம் 990-டி தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் அதிகம் வேலை செய்யும் நிறுவனங்களில் பல, ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தாமும் தருகின்றன. தன்னார்வ மணிநேரத்துக்குப் பணம் தரும் நிறுவனங்களும் உண்டு. 501(சி)(3) கடிதம் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அந்த நிறுவனங்கள் பயன்படுத்தும் பெனிவிட்டி போன்ற தளங்களில் சங்கத்தைப் பதிவதுதான்.

மாநிலக் கலை ஆணையத்திலும் நகராட்சியிலும் மானியம் உண்டு. டெக்சஸில் நகரங்கள் ஹோட்டல் வரியில் ஒரு பகுதியைக் கலை நிகழ்ச்சிகளுக்குத் தரச் சட்டம் இடம் தருகிறது. மானியம் பெரும்பாலும் பின்னால்தான் கைக்கு வரும், அதுவும் நீங்கள் போடும் பணத்துக்குச் சமமாக. எனவே கையிருப்பு இல்லாத சங்கம் மானியம் கிடைத்தும் திண்டாடும். கச்சேரியைவிடப் பள்ளித் திட்டத்துக்கு மானியம் கிடைப்பது எளிது. எடுத்துக்காட்டாக ஒரு வகுப்புக்கு: இரண்டு கலைஞர்கள், ஒரு மணி நேரம், சி ஸ்ருதியில் பத்துத் துளை ஹார்மோனிகா முப்பது. ப்ளூஸ் பாணியில் சி ஹார்மோனிகா ஜி ஸ்ருதிக்குத்தான் வாசிக்கப்படும் என்பதால் கிடார்க்காரர் ஜி-யில் பன்னிரண்டு பார் (ப்ளூஸ் பாடலின் வழக்கமான பன்னிரண்டு தாளச் சுற்று அமைப்பு) வாசிக்க வேண்டும். இதைச் சொல்லி வைக்காமல் போனால் முதல் பத்து நிமிடம் வீண். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவருக்குத் தர முடியாது. ஹார்மோனிகாக்களைக் குழந்தைகளே வைத்துக்கொள்வதாகக் கணக்கிடுங்கள். பள்ளிக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு தேவைப்படும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

ரசீது விஷயத்தில் கவனம். 250 டாலரும் அதற்கு மேலும் தந்தவருக்கு எழுத்து மூல ஒப்புகை கட்டாயம் தேவை, இல்லாவிட்டால் அவரால் வரிக்கழிவு கேட்க முடியாது. 100 டாலர் டிக்கெட்டில் 40 டாலர் பெறுமான சாப்பாடும் கச்சேரியும் இருந்தால் 60 டாலர்தான் நன்கொடை. அப்படிக் கலந்து வாங்கும் தொகை 75 டாலரைத் தாண்டினால் அந்தப் பிரிப்பை எழுதித் தருவது சங்கத்தின் கடமை. குலுக்கல் சீட்டு நடத்த எல்லோருக்கும் ஆசை வரும். டெக்சஸில் மூன்று ஆண்டுகளாக இயங்கும் அமைப்புதான் நடத்தலாம், ரொக்கப் பரிசு கூடாது.

கேள்வி: முதல் நிகழ்ச்சியே பெரிய பெயராக இருந்தால் கூட்டம் வரும் அல்லவா?

கூட்டம் வரும், சங்கம் எஞ்சாது. ஒரே ராத்திரியில் மூன்றாண்டுக் கையிருப்பு போய்விடும். வட்டாரத்தில் சுற்றும் நால்வர் பேண்டோடு தொடங்குங்கள். கணக்கு இப்படிப் போடலாம் (தொகைகள் மாதிரிக்குத்தான்): பேண்டுக்கு 1,500, அரங்கம் 500, ஒலி 400, பேண்டு தங்க ஹோட்டலில் இரண்டு அறை 300, ஒருநாள் காப்பீடு 200, நோட்டீஸ் 200. மொத்தம் 3,100 டாலர். 150 இருக்கையில் 90 மட்டுமே நிரம்பும் என்று வையுங்கள். 20 டாலர் வீதம் 1,800. பற்றாக்குறை 1,300. நான்கு கடைகளிடம் 350 டாலர் வீதம் கைக்கு வந்த பிறகே பேண்டோடு ஒப்பந்தம் போடுங்கள். அரங்கம் நிறைந்தால்தான் கட்டுப்படியாகும் என்கிற கணக்கோடு எந்த நிகழ்ச்சியையும் ஏற்க வேண்டாம். பல அரங்கங்கள் ஒரு நிகழ்வுக்குப் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்கும்; மதுவும் விற்றால் அதற்குத் தனி.

கலைஞருக்குப் பணம் குறைத்து நிகழ்ச்சியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். "உங்களுக்கு விளம்பரம் கிடைக்குமே" என்று ஒரு ப்ளூஸ் கலைஞரிடம் சொல்லும் சங்கம் எதற்காக இருக்கிறது? பணம் தரும் முன் கலைஞரின் வரி அடையாள எண் உள்ள டபிள்யூ-9 படிவத்தை வாங்கிவிடுங்கள். ஓர் ஆண்டில் ஒருவருக்கு 600 டாலரும் மேலும் தந்தால் அந்தத் தொகையைக் காட்டும் 1099-என்இசி படிவம் தர வேண்டும் என்பது 2025 வரையிலான விதி. 2026 முதல் வரம்பு 2,000 டாலர்.

கேள்வி: லாப நோக்கற்ற அமைப்பு என்றால் பாடல்களுக்கு ராயல்டி கட்ட வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. பதிப்புரிமைச் சட்டம் 110(4) பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் வாசிப்பவர், ஏற்பாட்டாளர் யாருக்கும் ஊதியம் தராமல் இருந்தால்தான் அது பொருந்தும். பேண்டுக்கு ஒரு டாலர் தந்தாலும் விலக்கு போயிற்று. பாரிலோ அரங்கிலோ நடத்தினால் அந்த இடத்துக்கு, பாடலாசிரியர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் ஆஸ்காப், பி.எம்.ஐ. அமைப்புகளின் உரிமங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பூங்காவில் நடத்தினால் நகராட்சியிடம் அதையே கேளுங்கள்.

கேள்வி: ஜாம் நாளில் (வருகிற யாரும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் நாளில்) பத்து கிடார்க்காரர்கள், டிரம்ஸுக்கு ஒருவரும் இல்லை. என்ன செய்வது?

எல்லா ஊரிலும் இதே கதைதான். கிடார், பாஸ், டிரம்ஸ் மூவர் கொண்ட ஒரு நிலைக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள். வாசிக்க வருபவர்கள் பெயர் எழுதும் பலகையில் வாத்தியத்துக்கு ஒரு பத்தி வைத்து, ஒரு சுற்றுக்கு இரண்டு கிடாருக்கு மேல் விடாதீர்கள்; ஆளுக்கு மூன்று பாடல். டிரம்ஸ், பாஸ் ஆம்ப் (ஒலிபெருக்கி), இரண்டு கிடார் ஆம்ப் மேடையிலேயே இருக்கட்டும். ஆளாளுக்குத் தங்கள் ஆம்ப்பைத் தூக்கி வந்தால் சுற்றுக்குச் சுற்று பதினைந்து நிமிடம் போகும், சத்தமும் கூடும். சத்தம் கூடினால் சாப்பிட வந்தவர்கள் எழுந்து போவார்கள், மறுமாதம் பார்க்காரர் இடம் தரமாட்டார்.

கேள்வி: மெம்ஃபிஸ் போட்டிக்கு எங்கள் ஊர் பேண்டை அனுப்ப முடியுமா?

மெம்ஃபிஸில் 1980இல் தொடங்கிய ப்ளூஸ் ஃபவுண்டேஷனில் உங்கள் சங்கம் இணைப்புச் சங்கமாக வேண்டும். அதன் சர்வதேச ப்ளூஸ் போட்டி 1984 முதல் நடக்கிறது. இணைப்புச் சங்கங்கள் உள்ளூரில் போட்டி நடத்தி, பேண்டு பிரிவிலும் தனி அல்லது இருவர் பிரிவிலும் வென்றவர்களை அனுப்புகின்றன. நடுவர்கள் வெளியூரிலிருந்து வரட்டும். வென்றவரின் பயணச் செலவில் எவ்வளவு சங்கம் தரும் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வரிவிலக்கு கிடைத்த பிறகு ஆண்டுதோறும் என்ன தாக்கல் செய்ய வேண்டும்?

ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் ஐ.ஆர்.எஸ்.-க்கு 990-என் என்ற சிறு அறிவிப்புப் படிவம் மட்டும். இணையத்தில் பத்து நிமிட வேலை, கட்டணம் இல்லை. நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி கடைசி நாள். டிசம்பரில் கணக்கு முடிப்பவர்களுக்கு அது மே 15. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறினால் வரிவிலக்கு தானாக ரத்தாகும். மீட்க மறுபடி விண்ணப்பமும் கட்டணமும் தேவை. பொருளாளர் மாறும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் பழையவரோடு போய்விடுகின்றன. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வைத்து, செயலாளர், பொருளாளர் இருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.