வளையலை அடகு வைத்தால் விசுவாசக் குறைவா?

சகோதரி, கணவருக்கு நான்கு மாதமாக வேலை இல்லை, பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைக்கலாம் என்றால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அவசரப்படாதே" என்று சபையில் தடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துப்போக வந்துவிட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிடுகிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார் அவர். ஒரு குடம் எண்ணெய், அவ்வளவுதான். சரி, அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கு என்கிறார், அதுவும் நிறைய. பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் ஊற்றுகிறாள். எண்ணெயைப் பெருகச் செய்தது கர்த்தர். வீடு வீடாகப் போய்க் கேட்டதும், எண்ணெயை விற்றுக் கடனை அடைக்க வேண்டியதும் அவள் பாடு. (பக்கத்து வீட்டில் கேட்க அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.) அவளுக்கு விசுவாசம் போதாது என்று எலிசா சொல்லவில்லையே!

அதனால் குற்ற உணர்வு வேண்டாம். முதலில் பள்ளித் தாளாளரை நேரில் பார்த்து, தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வளையலை வங்கியில் வையுங்கள். கந்துவட்டிப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். தேவைக்கு மேல் வாங்காதீர்கள், வட்டி கட்டவேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வேலை கிடைக்க நானும் ஜெபிக்கிறேன். அவர் என்ன வேலை பார்த்தார் என்று இங்கே எழுதுங்கள், தெரிந்த இடத்தில் விசாரிக்கிறேன்.