கொல்லையில் ஈயம் உருக்கலாமா?

கேள்வி: எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். என் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையில் ஈயம் வாங்கி வந்து, கொல்லையில் விறகடுப்பு மூட்டி உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பார். மீந்ததைக் கட்டியாக ஊற்றி வைத்துக்கொள்வார். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார், வேலை முடிந்ததும் வெல்லம் சாப்பிடுவார். எங்கள் மூன்று வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. ரத்தம் குறைவு என்று மூன்று மாதமாக டானிக் கொடுத்தும் ஏறவில்லை. ஈயம் காரணமாக இருக்குமா என்று கேட்டால், "உங்க அம்மா ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறாங்க" என்று சிரிக்கிறார்.

பதில்: முதலில் ரசத்தை முடித்துவிடுவோம். ரசச் சொம்பு வெள்ளீயம், வலையில் கட்டுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு என்பதால், சொம்பை நம்பகமான கடையில் வாங்குங்கள். அவ்வளவுதான்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. மூன்று வயதில் வயிற்றுவலிக்குப் பூச்சியும் மலச்சிக்கலும்தான் பெரும்பாலும் காரணம். ஆனால், வீட்டில் ஈயம் உருக்குகிறார்கள், ரத்தசோகை டானிக்குக்கு அசையவில்லை என்று சேர்த்துக் கேட்டால் நான் முதலில் எழுதுவது ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையைத்தான்.

உங்கள் கணவர் புகைக்குப் பயந்து துண்டு கட்டுகிறார். ஈயம் சுமார் 327 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் எழும் ஈய ஆவி குறைவு. விறகைத் தள்ளிச் சட்டி சிவக்கிற அளவுக்குக் காய்ச்சினால் ஆவி அதிகமாகும், அந்த நுண்துகளைத் துண்டு தடுக்காது. ஆனாலும் உங்கள் பையனைப் பொறுத்தவரை, அடுப்பு அணைந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. உருகிய ஈயத்தின் மேல் ஆடை மாதிரி படியும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து எங்கே போடுகிறார்? தென்னைமரத்தடியில்தானே? அது காய்ந்தால் மாவாக உதிரும். கோழி கிளறும், பையன் அங்கே உட்கார்ந்து விளையாடுவான், கை வாய்க்குப் போகும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், குழந்தையின் உடம்பு பாதிவரைகூட எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக ஏறும். ஏறிய ஈயம் ரத்தம் ஊறுவதையே தடுக்கும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும்.

வாங்கி வருவது பேட்டரித் தகடாக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதில் ஒட்டியிருக்கும் பசை முழுக்க ஈயத்தூள், கூடவே அமிலம். செனகல் நாட்டில் டக்கார் அருகே தியாரோய் சுர் மேர் என்ற ஊரில், பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணைக் கிளறிச் சலித்ததில் 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கம் வரை சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் கடற்கரை ஊர்தான்.

பரிசோதனைக்கு மூவருமே போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நரம்பிலிருந்து ரத்தம் கொடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு 45ஐத் தொட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். நாட்டு மருந்து, 'உடம்பைச் சுத்தம் செய்யும்' பொடி எதுவும் வேண்டாம். நீங்கள் மீண்டும் கர்ப்பமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எலும்பில் வருடக்கணக்கில் தங்கிய ஈயம் அந்தச் சமயத்தில் கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும்.

அப்புறம், கொல்லை. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி வீட்டுக்குள் வரும். திண்ணையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். கசடு விழுந்த இடத்து மேல்மண்ணை நனைத்து வாரி, மூடியுள்ள டின்னில் போட்டு, அங்கே புதுமண் கொட்டி மூடுங்கள். அந்த இருப்புச்சட்டி இனி சமையலுக்கு வரக் கூடாது. உருக்கும்போது போட்ட கைலியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பழைய வலைக்குண்டை ஈரத்தோடு உருகிய ஈயத்தில் போட்டால் அது வெடித்து முகத்தில் தெறிக்கும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

வெல்லம் ஈயத்தை இறக்காது. சாப்பிட ருசியாக இருக்கும், அவ்வளவே. அதைக் கழுவாத கையால் எடுத்துச் சாப்பிடுகிறார் என்பதுதான் என் கவலை! வீட்டில் உருக்குவதை விட்டுவிட்டு வார்த்த குண்டாகவே கடையில் வாங்கச் சொல்வேன். காசு கூடத்தான் ஆகும். ஆனால் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும்வரை, 'கவனமாக உருக்குங்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையனின் டானிக்கை நிறுத்தாதீர்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் கொடுங்கள், வெறும் வயிற்றில் விளையாட விடாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்போது "வீட்டில் ஈயம் உருக்குகிறோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள்.