நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வர எது சரியான கட்டணம்? சீசன் டிக்கெட் எடுத்தால் லாபமா?

கேட்டவருக்கு நாகர்கோவிலில் வீடு, திருவனந்தபுரத்தில் புது வேலை, வாரம் நாலு நாள் போக வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரே ஊருக்கு மூன்று விலையில் டிக்கெட் வாங்கியிருக்கிறார். இதில் எது சரி என்று குழம்பிப் போயிருக்கிறார்.

மூன்றும் சரிதான். கவுண்டரில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

ரயில் கட்டணம் ஊரைப் பார்த்துப் போடுவதில்லை. எத்தனை கிலோமீட்டர், என்ன வண்டி, இந்த இரண்டும்தான் கணக்கு. நாகர்கோவில் ஜங்ஷனில் இருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கிலோமீட்டர், அது மாறாது. மாறுவது வண்டி. பாசஞ்சருக்கு ஆர்டினரி கட்டணம், எக்ஸ்பிரசுக்கு அதைவிட அதிகம், சூப்பர்ஃபாஸ்டுக்கு எக்ஸ்பிரஸ் கட்டணத்தின் மேல் இன்னும் 15 ரூபாய். மூன்றிலும் உட்கார அதே மரப்பலகை மாதிரி இருக்கைதான், அதுவும் கிடைத்தால்!

குழித்துறையில் இருந்து போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த வித்தியாசம் எவ்வளவு என்று சொல்வார்கள். பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரசில் நீங்கள் பத்து கிலோமீட்டர் போனாலும் 50 கிலோமீட்டருக்கு உண்டான காசைக் கொடுக்க வேண்டும், அது 30. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தில்தான் விட்டார்கள். அதே வண்டி, எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும், கட்டணம் மட்டும் 10 ரூபாய்க்குப் பதில் 30. 2024 பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்ப வந்தது. பள்ளியாடி, இரணியல் பக்கம் இருந்து தினக்கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இடைப்பட்ட காலம் சாதாரணமாகக் கழியவில்லை.

என்ன வண்டி என்று கண்டுபிடிக்க பெயரை நம்பாதீர்கள், நம்பரைப் பாருங்கள். 5-லோ 6-லோ தொடங்கினால் பாசஞ்சர் அல்லது மெமு. 16 என்று தொடங்கினால் எக்ஸ்பிரஸ், நம் பக்கத்துப் பரசுராமும் குருவாயூரும் இந்த வகை. 12, 20, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். 0-வில் தொடங்கினால் ஸ்பெஷல், அதற்குக் கட்டணத்தை அன்றன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். பெயரை நம்ப வேண்டாம் என்று சொல்வதற்கு அனந்தபுரி வண்டியே சாட்சி. முன்பு 16723 ஆக இருந்த வண்டி பிறகு 20635 ஆகிவிட்டது. பெயர் அதே பெயர், கூட 15 ரூபாய். இப்போதும் "இது எப்பவும் எக்ஸ்பிரஸ்தானே" என்று ஏறி, பரிசோதகரிடம் வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் வண்டி வகையை விரலால் காட்டுவார். அந்த ஒரு வரியைத்தான் நாம் யாரும் படிப்பதில்லை.

கவுண்டரில் "ஒரு திருவனந்தபுரம்" என்று மட்டும் கேட்டால் "பாசஞ்சரா, எக்ஸ்பிரசா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கூட்டம் இருந்தால் கேட்காமலும் போகலாம். அதனால் வண்டியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். எக்ஸ்பிரஸ் டிக்கெட் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினால் பிரச்சினை இல்லை, காசு மட்டும் வீண். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரசில் ஏறினால் பிரச்சினைதான். டிக்கெட்டே இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். காலையில் போகும்போதே சாயங்காலத்துக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். 200 கிலோமீட்டருக்குள் உள்ள ரிசர்வ் செய்யாத டிக்கெட்டை வாங்கினால் 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டிக்குள் பயணத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். எனவே திரும்பும் டிக்கெட்டைச் சாயங்காலம் திருவனந்தபுரத்தில்தான் வாங்க வேண்டும், அந்த வரிசையில். செல்போனில் ரயில்ஒன் செயலி இருந்தால் வரிசை மிச்சம்.

இப்போது சீசன், அதாவது ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ சேர்த்து எடுக்கும் டிக்கெட். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

சீசனில் பாசஞ்சர் விலை, எக்ஸ்பிரஸ் விலை என்று இரண்டு கிடையாது. ஒரே விலை. இரண்டிலும் ரிசர்வ் செய்யாத பெட்டியில் போகலாம். ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்துக்கு ஆகும் காசு என்ற அடிப்படையில்தான் ரயில்வே மாத சீசனின் விலையை வைத்தது. நீங்கள் வாரம் நாலு நாள் போகிறீர்கள், மாதத்துக்குப் போக 16, வர 16. பாசஞ்சரிலேயே போய்வந்தாலும் பாதிக்குப் பாதி மிச்சம். எக்ஸ்பிரசில் போனால் கணக்கே போட வேண்டாம். வாரம் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போகிறவருக்கு பாசஞ்சர் என்றால் ஏறத்தாழ சரிக்குச் சரி, எக்ஸ்பிரஸ் என்றால் அப்போதும் சீசன்தான் லாபம். 2020 ஜனவரி, 2025 ஜூலை, 2025 டிசம்பர் என்று மூன்று தடவை கட்டணம் கூட்டியபோதும் சீசனைத் தொடவில்லை. தனி டிக்கெட்டுக்கும் சீசனுக்கும் உள்ள இடைவெளி வரவர அதிகமாகிறது.

மூன்று மாத சீசன் மாத சீசனைப்போல் 2.7 மடங்கு. அதாவது மூன்று மாதத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. புது வேலை என்கிறீர்கள், முதல் மாதமே மூன்று மாதத்துக்கு எடுக்காதீர்கள். வேலை ஒத்துவருகிறதா, நேரம் ஒத்துவருகிறதா பாருங்கள். ஓணம் விடுமுறை, பரீட்சை லீவு என்று நீண்ட விடுப்பு வரும் மாதத்திலும் மாத சீசனே நல்லது.

சூப்பர்ஃபாஸ்டுக்கு வெறும் சீசன் செல்லாது. சீசன் எடுக்கும்போதே சூப்பர்ஃபாஸ்டும் சேர்த்து எடுக்கலாம், இல்லை என்றால் ஏறுகிற அன்று கவுண்டரில் சர்சார்ஜ் (கூடுதல் கட்டண) டிக்கெட் தனியாக வாங்கலாம். எது வேண்டும் என்பதை முடிவு செய்ய காலை வண்டியைப் பார்க்காதீர்கள். காலை வண்டி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆபீஸ் நேரத்துக்கு எது சேருமோ அது. சாயங்காலம்தான் சிக்கல். மேலதிகாரி ஐந்து மணிக்கு ஒரு வேலையைத் தூக்கிக் கொடுப்பார், வழக்கமான வண்டி போய்விடும், அடுத்து எது வருகிறதோ அதில் ஏறியாக வேண்டும். முதல் மாதம் சாதாரண சீசனோடு போய்வாருங்கள். எத்தனை சாயங்காலம் சூப்பர்ஃபாஸ்டில் ஏற வேண்டி வருகிறது என்று பாருங்கள். எப்போதாவது ஒரு நாள் என்றால் 15 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகலாம். வாராவாரம் வருகிறது என்றால் அடுத்த மாதம் சேர்த்து எடுங்கள்.

சீசனில் எந்த ஸ்டேஷன் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். நெல்லையில் இருந்து ஜங்ஷனுக்குள் வராமல் நேராகத் திருவனந்தபுரம் போகும் வண்டிகள் நாகர்கோவில் டவுண் ஸ்டேஷனில்தான் நிற்கும். டவுண் என்பது ஜங்ஷனுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் இருப்பதால் ஜங்ஷனில் (கோட்டாறில் இருப்பது) இருந்து சீசன் எடுத்தால் இரண்டு இடத்திலும் ஏறி இறங்கலாம். டவுணில் இருந்து எடுத்தால் ஜங்ஷன் வரை வர முடியாது. அந்தப் பக்கமும் பாருங்கள். 2024-ல் நேமம் திருவனந்தபுரம் சவுத் ஆகிவிட்டது, கொச்சுவேளி திருவனந்தபுரம் நார்த். செயலியில் திருவனந்தபுரம் என்று அடித்தால் வரிசையாக வரும், அவசரத்தில் தப்பானதைத் தொட்டுவிடக் கூடாது. சென்ட்ரல் வரை எடுத்த சீசன் கொச்சுவேளிக்குச் செல்லாது. டெக்னோபார்க்கில் வேலை என்றால் கழக்கூட்டம் வரை எடுங்கள்.

சீசன் இருக்கிறது என்று ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி உட்காரக் கூடாது. சில வண்டிகளில் சில ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறிப்பிட்ட தூரத்துக்கு டி-ரிசர்வ்டு என்று விடுவார்கள், அவற்றில் மட்டும் ஏறலாம். எந்த வண்டி, எந்தப் பெட்டி, எதுவரை என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தினமும் போகிற பழைய ஆட்களிடம் "அண்ணே, இதுல ஏறலாமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களுக்கு எந்தக் கிராசிங்கில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுவரை தெரியும்.

பஸ்சோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள் என்றால், மாதக் கணக்கில் பஸ் எட்டவே எட்டாது. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் போகும் நேரம் வேறு. ஆனால் ரயில் கணக்கில் ஆட்டோக் காசை விட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் கவலை இல்லை, ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம். இங்கேதான் இடி. வீட்டில் இருந்து கோட்டாறு வரை ஆட்டோவில் வந்தால் சீசனில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஆட்டோவுக்கே போய்விடும். ஒரு பழைய சைக்கிளோ பைக்கோ வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டாண்டில் விடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. ஸ்டாண்டுக்கும் மாதக் கட்டணம் உண்டா என்று கேட்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு தகவல்: பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். பள்ளி, கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போக வேண்டும்.

சீசனை எடுக்கும்போது எந்த அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அந்த அட்டையைத் தினமும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீசன் உங்கள் பெயருக்கு மட்டும்தான். தம்பிக்கு ஒரு நாள் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். முடிகிற நாளைச் செல்போன் காலண்டரில் போட்டு வையுங்கள், திங்கட்கிழமை காலையில் கவுண்டரில் நின்று புதுப்பிக்க முடியாது.