யாரும் கூப்பிடாத பெயர்

கேள்வி: அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியான செசமி ஸ்ட்ரீட்டில் வரும் ஸ்னஃபி என்ற யானை மாதிரிப் பொம்மைக்கு அலோசியஸ் என்று ஒரு முதற்பெயர் இருக்கிறதாம். என் பேரன் சொல்கிறான். யாரும் கூப்பிடாத பெயரைப் பொம்மைக்கு வைத்து என்ன பயன்? தமிழில் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பொம்மை நிகழ்ச்சி வராதா?
— ஒரு வாசகி, கல்முனை

பதில்: பேரன் சொன்னது சரிதான். முழுப்பெயர் அலோசியஸ் ஸ்னஃபலபகஸ்.

ஆனால் அம்மா, 'யாரும் கூப்பிடாத பெயர்' என்று கல்முனையில் இருந்துகொண்டா எழுதுகிறீர்கள்? நம் பக்கத்தில் யாரை யார் சொந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள்? சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருக்கும். பெரிய எழுத்தில் பூபாலப்பிள்ளை என்றோ கந்தப்போடி என்றோ இருக்கும். 'ஆரோ பாவம்' என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போவோம். பிறகு கீழே அடைப்புக்குறிக்குள் 'சோடாக்கடை மாமா' என்று கண்ணில் பட்டதும் பிரேக் பிடிப்போம். முந்தாநாள் நம்மிடம் கடன் கேட்ட மனிசன்! கூத்தில் ஒருமுறை தருமருக்கு ஆடியவர் சாகும்வரை தருமர்தான். கள்ளுத் தவறணையில் கண்டாலும் 'என்ன தருமர், இந்தப் பக்கம்?' என்றுதான் கேட்பார்கள்.

முழுப்பெயர் என்று வந்துவிட்டதால் படிவங்களைத் திட்டாமல் போக மாட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். வெளிநாட்டுப் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பரின் பெயரை எழுதுகிறோம். அப்புறம் விமான நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து அப்பரைக் கூப்பிடுகிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம். மகன் கதிரையில் இருந்து கொட்டாவி விடுகிறான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

சரி, அலோசியஸ். அமெரிக்காவில் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்னவோ, மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் நின்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அலோசியஸ் கொன்சாகா இயேசு சபைப் புனிதர். ரோமில் கொள்ளைநோய் கண்டவர்களைப் பராமரிக்கப் போய், 1591இல் 23 வயதில் இறந்தவர். அந்தச் சபையின் அமெரிக்கக் குருமார்தான் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார்கள். அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் வெபர் மைதானம் இருக்கிறது. அங்கே கூடைப்பந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

உங்கள் 'என்ன பயன்' என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்னஃபி 1971இல் வந்தது. மண்ணிற மயிர், நீண்ட கண்ணிமை, தும்பிக்கை, உள்ளே இரண்டு ஆட்கள். தெருவில் அதைக் கண்டது பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை ஒன்றுதான். பெரியவர்கள் வரும்போது ஸ்னஃபி போயிருக்கும். அவர்களோ, 'உன் கற்பனைக் கூட்டாளியா?' என்று சிரிப்பார்கள். இந்தக் கூத்து 1985 வரை நடந்தது. அந்த ஆண்டுதான் பெரியவர்கள் அதை நேரில் கண்டார்கள். மாற்றியதற்குக் காரணம் விளையாட்டல்ல. உண்மை சொல்லும் பிள்ளையைப் பெரியவர்கள் திரும்பத் திரும்ப நம்பாமல் விடுவதைப் பார்த்தால், துன்புறுத்தப்படும் பிள்ளைகள் வாய் திறக்கவே மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். 14 வருடம் கழித்தாவது பயந்தார்களே. ஆளே இல்லை என்று ஊர் சாதிக்கும்போது, அடையாள அட்டையில் போடுகிற மாதிரி முழுப்பெயர் ஒன்று இருப்பது பெரிய பயன் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மப்பெட் ஷோ என்ற இன்னொரு பொம்மை நிகழ்ச்சியில் மாடத்தில் இருந்து எல்லாவற்றையும் குறை சொல்லும் இரண்டு கிழவர்கள் உண்டு, ஸ்டாட்லர், வால்டார்ஃப். நியூயார்க் ஹோட்டல்களின் பெயர்கள். வால்டார்ஃபின் மனைவி பெயர் அஸ்டோரியா, பார்ப்பதற்கு ஸ்டாட்லரைப் போலவே இருப்பார். இந்தப் பத்திரிகைக்கும் அப்படி இரண்டு பென்ஷன்காரர் இருக்கிறார்கள். ஒவ்வொரு இதழுக்கும் கடிதம் வரும், 'இந்த இதழும் மோசம்' என்று. சந்தாவை மட்டும் இதுவரை நிறுத்தவில்லை. பொம்மைகளைப் பற்றி எழுதியதற்கு அடுத்த கடிதம் இந்நேரம் தபாலில் சேர்ந்திருக்கும்.

பொம்மையின் பெயரைத் தேடும் பேரனிடம் ஆட்டியவரின் பெயரையும் கேளுங்கள். பிக் பேர்டுக்குள் 1969 முதல் நின்றவர் கரோல் ஸ்பின்னி. வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பறவையின் வாயை அசைப்பார். வெளியே என்ன நடக்கிறதென்று நேரே தெரியாது. நெஞ்சில் கட்டிய சின்னத் திரையைப் பார்த்துத்தான் நடப்பார். 2018இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 84.

உங்கள் இரண்டாவது கேள்வி: தமிழில் வருமா? பாடவும் ஆடவும் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கவும் தெரிந்த அண்ணாவிமார், கூத்துப் பழக்கும் ஆசான்கள், இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொலைக்காட்சிக்காரர் யாராவது ஒரு கூத்துக் களரிக்கு வந்து பார்க்கட்டும். கூத்துத் தொடங்க இரவு பத்து மணியாகும். வாகனம் நிறுத்த இடமுண்டு.